முனிக்கு நேர்ந்த கெடா

என் ஆட்டை நான் விற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் நான் அதை விற்றுக் காசாக்கிவிட்டதாகத்தான் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். மீதிப் பேர் நான் முனியை ஏமாற்றிவிட்டதாகப் பேசுகிறார்கள். முதலாவது பொய். இரண்டாவது உண்மை. அதை இன்று வரை நான் யாரிடமும் வாய் திறந்து ஒப்புக்கொண்டதில்லை. இந்த வருடப் படையலும் முடிந்துவிட்டது, இனி எழுதலாம். யார் என்ன செய்துவிடுவார்கள், பார்ப்போம்.

ரம்புக்கனைக்கும் மாவனல்லைக்கும் இடையில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால், மரம் மரமாகப் பட்டை சீவி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பன்னிரண்டு மணி வாக்கில் ஸ்டோரில் ஊற்றிவிட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குத் திரும்புவேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். மாதம் ஒரு தடவை வருவார். ஒரே மகளை வரக்காப்பொலையில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆக, லயத்தின் ஓரறைக் காம்பராவில் நானும் ஒரு பெட்டை ஆடும்தான். அந்த ஆடு ஒரு கெடாக்குட்டியைப் போட்ட மூன்றாம் நாள் செத்துப்போனது.

குட்டிக்குப் பால்மா கரைத்துப் போத்தலில் ஊட்டினேன். சாக்கு விரித்து அடுப்படியில் படுக்க வைத்தேன். பேரெல்லாம் வைக்கவில்லை. "பயலே" என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பயல் ஒரு மாதத்திலேயே நான் பால் ஸ்டோரிலிருந்து வரும் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டான். லயத்தின் திருப்பத்தில் நான் தலை காட்டுவதற்குள் கத்த ஆரம்பித்துவிடுவான். எனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நான் வீட்டுக்கு வருவதற்காக இப்படி யாரும் கத்தியதில்லை. இதைச் சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

அவனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். வெட்டிப் போட்ட ரப்பர் கிளையில் வாடிக் கிடந்த இலையை அவன் தின்றுவிட்டான். வாடின ரப்பர் இலை ஆட்டுக்கு நஞ்சு. நான் வேலையிலிருந்து வந்தபோது வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, காலை நீட்டிக் கிடந்தான். இஞ்சி இடித்துக் கொடுத்தேன், நல்லெண்ணெய் புகட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தேறாது தங்கச்சி, பேசாம விட்ரு" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். குட்டியைத் தூக்கிக்கொண்டு முனி கோயிலுக்கு ஓடினேன்.

எங்கள் முனிக்குக் கூரை கிடையாது. மாமரத்தடியில் ஒரு கல்லும் மூன்று சூலமும்தான். பூசாரி அப்போதுதான் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். கும்பிட வந்த நாலு பேரும், என் பின்னாலேயே வந்த அக்காவும் நின்றார்கள். நான் குட்டியைக் கல்லுக்கு முன்னால் போட்டுவிட்டு, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சூலத்தில் கட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்: "அப்பனே, இவனைப் பொழைக்க வச்சிரு. பெரிய கெடாவாக்கி ஒன் வாசல்லயே வெட்டுறேன்!"

யோசித்துப் பாருங்கள். எந்த உயிருக்காக அழுதேனோ அந்த உயிரையே நேர்ந்துவிட்டேன். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. ஆட்டுக்குச் சீக்கு வந்தால் அந்த ஆட்டையே நேர்ந்துகொள்வோம். கோழிக்கு வந்தால் கோழியை. நேர்வதற்குக் கையில் வேறென்ன இருக்கிறது எங்களிடம்? அந்த நேரத்தில் வாய்க்கு என்ன வந்ததோ அதைச் சொன்னேன். விடிந்ததும் பயல் எழுந்து நின்று புழுக்கை போட்டான். நான் சந்தோஷத்தில் அழுதேன். நேர்ந்தது என்ன என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு வருடம் முனி ஒன்றும் கேட்கவில்லை. பயல் வளர்ந்தான். கொம்பு வந்தது, தாடி வந்தது, நாற்றமும் வந்தது. வளர்ந்த கெடாவின் நாற்றம் தெரியும்தானே? என் சேலை, தலையணை, சமைக்கிற சோறு எல்லாவற்றிலும் அதே வாடை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் தண்ணீர் கொட்டும் பீலியடியில் நிறுத்தி, சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுவேன். லயத்துப் பொம்பளைகள் வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "மாப்பிள்ளை குளிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். "ஆமா, ஒங்க வீட்டு மாப்பிள்ளையை விட சுத்தமாத்தான் இருக்கான்" என்று நானும் சொல்வேன்.

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு கோயில் கமிட்டித் தலைவர் வாசலில் வந்து நின்றார். சித்திரையில் முனிக்குப் படையல். அதற்கு என் கெடாவைத் தயார் செய்யச் சொன்னார்.

"அதுக்குப் பதிலா வேற கெடா வாங்கித் தாரேங்க" என்றேன்.

"நேந்தது எதுவோ அதைத்தான் குடுக்கணும். கடையில மாத்துற சாமானா இது? நீ சொன்னதை நாலு பேர் கேட்டிருக்காங்க. பக்கத்து வீட்டு அக்காவே சாட்சி."

அவர் போன பிறகு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். பயல் வந்து என் மடியில் தலையை வைத்து இடித்தான். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தியமாக, முனியைத் திட்டினேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுத முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் குளிப்பாட்டினேன். வாளித் தண்ணீரை முதுகில் ஊற்றியபோதுதான் கவனித்தேன்: அவன் குலுங்கவில்லை. குட்டியாக இருந்தபோது ஒரு சொட்டு பட்டாலே சிலிர்த்து என்னையும் நனைத்துவிடுவான். இப்போது பழகிவிட்டது. அசையாமல் நின்று, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு அசை போடுகிறான்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தேன். ஏனென்று சொல்கிறேன். எங்களிடம் கெடா வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆட்டைச் சாமி முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைக் குலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கத்தி. குலுக்காத ஆட்டை வெட்டக் கூடாது. ஆனால் குலுக்காத ஆடு என்று ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. பச்சைத் தண்ணீர் முதுகில் விழுந்தால் எந்த ஆடுதான் குலுக்காது?

அன்றைக்கே ஆரம்பித்தேன். தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஒரு செம்பில் மஞ்சள் கரைப்பேன். லயத்து ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் நேரம் அது. வாசல் மூலையில் அவனை நிறுத்தி, வேப்பிலையால் தெளிப்பேன், பிறகு மெதுவாக ஊற்றுவேன். முதல் வாரம் குலுக்கினான். மஞ்சள் வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது. குலுக்கினால் ஒன்றும் கிடையாது. அசையாமல் நின்றால் ஒரு பிடி பலா இலை. செவ்வந்தி மாலை கட்டிக் கழுத்தில் போட்டேன். அதைத் தின்றுவிட்டான். மறுபடி கட்டினேன். பிறகுதான் தப்பு மேளத்தின் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. போன திருவிழாவில் போனில் எடுத்த வீடியோ இருந்தது. அதைக் குறைத்துப் போட்டு, அவன் காதுப் பக்கம் வைத்துக்கொண்டு ஊற்றினேன். அந்த மாசியில் ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டிவிட்டதால் வேலையும் குறைவு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை பழக்கினேன்.

பயமில்லையா என்று கேட்கலாம். பயந்தேன். வெட்டுக் கத்தி கையில் பட்டால் முனியோ என்று நினைப்பேன். பாம்பைக் கண்டால் முனிதான் அனுப்பினார் என்று நினைப்பேன். ஆனாலும் மஞ்சள் கரைப்பதை நிறுத்தவில்லை. தண்டனை கொடுப்பதென்றால் எனக்குக் கொடுக்கட்டும். வாயில்லாத ஜீவன் என்ன பேசியது, என்ன வாக்குக் கொடுத்தது? பேசியவள் நான்.

படையல் அன்று பயலைக் கூட்டிக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு போகவில்லை, அவனே என் பின்னால் வந்தான். தப்பு அடித்தார்கள். சாம்பிராணிப் புகை. கீழ் லயம், மேல் லயம், எல்லாச் சனமும் மாமரத்தைச் சுற்றி நின்றது. கத்திக்காரர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். மூன்று மாதம் பழக்கியதெல்லாம் இந்தக் கூட்டத்தில், இந்தச் சத்தத்தில் மறந்து போனால்?

பூசாரி முதல் செம்பை ஊற்றினார். பயல் நின்றான்.

தப்பு இன்னும் வேகமாக அடித்தது. இரண்டாவது செம்பு. தண்ணீர் அவன் தாடி வழியாகச் சொட்டியது. அவன் கழுத்து மாலையை எட்டிப் பிடித்து மெல்ல ஆரம்பித்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள். மூன்றாவது செம்பு. நின்றான். அட ராசா! அந்த நேரம் அவனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. கையைச் சேலைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கமிட்டித் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "காதுல ஊத்து!" என்றார்.

காதில் ஊற்றினால் எந்த ஆடும் குலுக்கும். அதை நான் பழக்கவில்லை, பழக்கவும் முடியாது. பூசாரி செம்பைத் தூக்கினார். நான் பாய்ந்து போய்ப் பயலின் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டேன்.

"சாமிகிட்ட உத்தரவு கேக்குறீங்களா, இல்ல ஆட்டுகிட்டயிருந்து புடுங்குறீங்களா?" என்று கத்தினேன். "முதுகுல ஊத்துறதுதானே முறை? மூணு தரம் ஊத்தியாச்சு. முனி வேணாங்கிறாரு. கேக்கலையா? முனியை விட ஒங்களுக்குத்தான் கறி அவசரமா?"

தப்பு நின்றுவிட்டது. தலைவர் என்னைப் பிடித்து இழுக்கச் சொன்னார். யாரும் கிட்ட வரவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா முன்வரிசையில்தான் நின்றார். என்னையே பார்த்தார். வாயைத் திறந்து எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

பூசாரி நல்ல மனிதர். செம்பைத் தரையில் வைத்துவிட்டு, "உத்தரவு இல்ல" என்றார். அவ்வளவுதான். நான் பயலைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவாகவே நடந்து வந்தேன். ஓரமாகப் போயிருக்கலாம். போகவில்லை. அன்றைக்கு முனிக்கு ஏழு சேவல் வெட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். முனிதான் வேண்டாமென்றாரே, இனி யார் கேட்பார்கள்? ஆனால் ஒரு வாரத்தில் கதை மாறியது. வேண்டாமென்று சொன்னது கருணையால் அல்ல, கோபத்தால் என்றார்கள். மேல் லயத்தில் ஒருத்திக்கு வழுக்கி விழுந்து கை முறிந்தது: ஆட்டால். தலைவரின் மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் போனது: ஆட்டால். பத்து நாள் விடாமல் மழை பெய்து பால் வெட்டு நின்றது, அதுவும் ஆட்டால். மழைக்குப் பேர்போன எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் மழை பெய்வதற்கு என் ஆடு வேண்டுமா? கேட்டேன். என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்.

அப்புறம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தேன். திருப்பத்தில் கத்தும் சத்தம் கேட்கவில்லை. கயிறு அவிழ்ந்து கிடந்தது. பால் வாளியை அப்படியே போட்டுவிட்டு முனி கோயிலுக்கு ஓடினேன். பயலை முனியின் சூலத்தில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் மாலை. நெற்றியில் குங்குமம். சுற்றிலும் ஒரு ஆளில்லை. அவன் என்னைக் கண்டதும் கத்தினான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு மாலை மட்டும். நாளைக்கு? நான் தினமும் ஆறு மணி நேரம் மலையில் இருக்கிறவள். அவனை இடுப்பில் கட்டிக்கொண்டா பால் வெட்ட முடியும்?

அங்கே உட்கார்ந்திருந்தபோதே முடிவெடுத்துவிட்டேன். அவன் என்னோடு இருக்க வேண்டியதில்லை. உயிரோடு இருந்தால் போதும்.

மாவனல்லையில் ஒரு முஸ்லிம் அம்மா எனக்குப் பழக்கம். வெட்டு இல்லாத நாட்களில் அவர் வீட்டுத் தோட்டத்தில் மிளகு பறிக்கப் போவேன். ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள். மூன்று பெட்டை ஆடு பாலுக்காக வளர்க்கிறார். போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. "கூட்டி வாங்க தங்கச்சி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆட்டோக்காரர் ஒரு சிங்களப் பையன். பயலைப் பின்னால் ஏற்றும்போது, "அக்கே, மேக்கா மஸ் கடேடத?" என்று கேட்டான். இறைச்சிக் கடைக்கா என்று. ஒரு முறை முறைத்தேன். அதற்குப் பிறகு மாவனல்லை வரைக்கும் ரேடியோவைக் கூடப் போடவில்லை. பயல் என் மடியில் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அது கல்யாண ஊர்வலம். நான் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

ராத்தா அவனைச் சுற்றி வந்து பார்த்தார். "ஷோக்கான கெடாதான் ஈக்கிது. எங்கட ஆடுகளுக்கும் ஒண்டு தேவதான்" என்றார். நான் கயிற்றைக் கொடுக்காமல் நின்றேன். அவருக்குப் புரிந்தது. "நீங்க ஒண்டும் பயப்பட வாணாம். நான் இத காசுக்கு வாங்கல்ல. நீங்க எங்கிட்ட அமானிதமா தந்தீக்கிறீங்க. அமானிதத்த அறுக்க ஏலா. அல்லாட முன்னுக்கு நான்தான் பதில் செல்லணும்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தில் கட்டாயம். கயிற்றைக் கொடுத்தேன். பெட்டை ஆடுகளைக் கண்டதும் பயல் மூக்கைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை. தடிப்பயல்.

லயத்தில் சிரித்தார்கள். "முனிக்குத் தப்பி பாய் வீட்டுக்கா போச்சு? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுப்பாங்க, பாப்போம்" என்றார் தலைவர். "பாருங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க" என்றேன்.

வாய்ச்சவடால் வெளியில்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தினால் காம்பராவின் அமைதி தாங்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்து வைப்பேன், மூன்றாம் நாள் புளித்து நாறும்போதுதான் குடிக்க ஆளில்லை என்பது ஞாபகம் வரும். வேலை முடிந்து வரும் வழியில் என் கை தானாகப் பலாக் கிளையை ஒடிக்கும். திருப்பத்தில் கால் தயங்கி நிற்கும். ஒரு தடவை செருப்பை வேண்டுமென்றே தேய்த்து நடந்து பார்த்தேன். என்ன பைத்தியக்காரத்தனம்! வாடை போகட்டும் என்று தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். துவைக்காமல் திரும்ப மாட்டிவிட்டேன். வீட்டுக்காரர் வந்தபோது, "ஒரு நாய்க்குட்டி கொண்டாரவா?" என்றார். "ஒங்களுக்குப் பதிலா வேற ஆளைக் கொண்டாந்தா சரியாப் போயிருமா?" என்று கேட்டேன். டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

அவன் இருந்தவரைக்கும் வாசலில் ஒரு செடி தப்பியதில்லை. இப்போது மிளகாய் நட்டேன், கத்தரி நட்டேன். எல்லாம் செழித்து வளர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மிளகாயை நான் ஆக்கித் தின்னவில்லை, அப்படியே மாவனல்லைச் சந்தையில் விற்றேன். சந்தைக்குப் போகிற சாக்கில் ராத்தா வீட்டுப் பக்கம் போகலாம். போகவில்லை. போனால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயம்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்தா மேல் நம்பிக்கை இல்லாமலில்லை. ஆனால் அவர் வீட்டில் ஆம்பளைகள் இருக்கிறார்கள், மச்சான்மார் இருக்கிறார்கள், எல்லாருக்கும் தெரியுமா எது அமானிதம், எது கறி என்று? பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிவிட்டேன். ராத்தா வீட்டு முற்றம் முழுக்க விருந்தாட்கள். ஒருவரையும் பார்க்காமல் நேரே பின்பக்கம் ஓடினேன்.

பயல் நின்றான். கொழுத்து, மினுமினுத்து, மூன்று பெட்டை ஆட்டுக்கு நடுவில் ராஜா மாதிரி நின்றான். "பயலே!" என்றேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒரு தடவை, சின்னதாகக் கத்தினான். பிறகு குனிந்து இலையைத் தின்னத் தொடங்கிவிட்டான்.

இவ்வளவுதானா? இவனுக்காகவா ஊரைப் பகைத்தேன்? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நன்றி கெட்ட கழுதை என்று திட்டிக்கொண்டே அழுதேன். ராத்தா பின்னால் வந்து நின்றார். கையில் ஒரு தட்டு வட்டிலப்பம், பெருநாள் இனிப்பு. "வந்த ரெண்டு கெழமை, பதினாலு நாளும், சரியா ஒண்டும் தின்னல்ல, கேட்டைப் பாத்துக்கொண்டே நிண்ட" என்றார். "இப்பத்தான் எங்களோட சேந்தீக்கிறான். அழ வாணாம், தின்னுங்க." தின்றேன். அங்கேயே, ஆட்டுப் பட்டி ஓரத்தில் உட்கார்ந்து, தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். காலையிலிருந்து பட்டினி.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். ஐப்பசியில் அவனுக்கு இரண்டு குட்டி பிறந்தது. போனில் படம் வைத்திருக்கிறேன். லயத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காட்டுவேன். தலைவருக்கும் காட்டினேன். "வெட்டுனாங்களா, பெருக்குனாங்களா, பாத்துக்குங்க" என்றேன். எனக்கும் காம்பராவின் அமைதி பழகிவிட்டது. பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பழகிவிட்டது.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் மத்தியானம், பக்கத்துக் காம்பரா அக்கா என் வாசலில் வந்து நின்றார். எட்டு மாதத்துக்கு மேல் பேச்சில்லை. நான் மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"தங்கச்சி, எங்க கெடாவை இந்த வருசப் படையலுக்குக் கேட்டிருக்காங்க" என்றார்.

எனக்குத் தெரியும். அவர் மகள் சவூதியில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் சம்பளமும் இல்லாமல் போனும் இல்லாமல் கஷ்டப்பட்டாள். அவள் உயிரோடு திரும்பினால் கெடா வெட்டுவதாக அக்கா நேர்ந்திருந்தார். மகள் திரும்பிவிட்டாள். ஆனால் அவள் இல்லாத இரண்டு வருடமும் பேத்திக்குத் துணையாக இருந்தது அந்தக் கெடாதான். பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும்.

"குடுங்க. நேந்தீங்கதானே?" என்றேன். வேண்டுமென்றே சொன்னேன். "அன்னிக்கு நான் தனியாக் கத்தும்போது வேடிக்கை பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

"பேசல."

"ஏன் பேசல?"

அக்கா வாசலுக்கு முன்னால் ஓடும் கழிவுநீர்க் கானைப் பார்த்தார். என் காம்பரா மேட்டுப் பக்கம், அவர் காம்பரா பள்ளத்துப் பக்கம். நான் வாசலில் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்தக் கான் வழியாக அவர் வாசலைத் தாண்டித்தான் கீழ் லயத்துக்குப் போகும்.

"வாயைத் தெறந்தா எனக்குத் தெரிஞ்சது வெளிய வந்திருமோன்னு பயம்" என்றார். "மூணு மாசமும் தெனம் ஒன் வாசல்லயிருந்து மஞ்சத் தண்ணி எறங்குச்சு. மொத நாளே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு நாளும் பின்னாலேயே ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். இல்லாட்டி கீழ இருக்கிறவங்க கண்ணுல பட்டிருக்கும் தங்கச்சி."

எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு! தண்ணீர் வாளியைக் கீழே வைத்தேன். எட்டு மாதமாக இந்தப் பொம்பளையை மனதுக்குள் வைத்து வைத்துத் திட்டியிருக்கிறேன். பீலியடியில் அவர் குடத்தைத் தள்ளிவிட்டு என் குடத்தை வைத்திருக்கிறேன். இவரோ மூன்று மாதம், வெயில் காலத்தில், பீலியில் தண்ணீர் நூலாக வடிகிற நேரத்தில், எனக்காக இரண்டு இரண்டு வாளி சுமந்திருக்கிறார்.

அழுதுவிடுவேன் போலிருந்தது. அழவில்லை. உள்ளே போய் மஞ்சள் தூள் டப்பாவை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"மூணு மாசம் முழுசா வேணும்க்கா. இன்னிக்கே ஆரம்பிங்க" என்றேன். "கானை நான் பாத்துக்கிறேன்."